ஓய்வுப் பணத்தில் 20 லட்சம் பல்கலைக்கழகத்துக்கும் ஊருக்கும்: கொடுக்கலாமா?

கேள்வி: சிவகங்கை மாவட்டத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, 33 ஆண்டுகள் பணிபுரிந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றிருக்கிறேன். வயது 60. பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவன். கடைசி அடிப்படைச் சம்பளம் 72,000 ரூபாய். ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கை மொத்தமாக வாங்கிக்கொண்டது போக, அகவிலைப்படியுடன் மாதம் 44,000 ரூபாய் வருகிறது. பணிக்கொடை, விடுப்புச் சம்பளம், வருங்கால வைப்பு நிதி எல்லாம் சேர்த்துக் கையில் 52 லட்சம் இருக்கிறது. வீட்டுச் செலவு மாதம் 38,000. சொந்த வீடு, கடன் இல்லை. மகளுக்குத் திருமணம் ஆகிவிட்டது. மகன் கோவையில் வேலை பார்க்கிறான்.

தேர்வுக் கட்டணம் கட்ட முடியாமல் கவுண்டர் முன் நின்ற எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். முடிந்தபோது என் பையிலிருந்து கட்டியிருக்கிறேன். முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்காக என் தந்தையார் பெயரில் பல்கலைக்கழகத்தில் 15 லட்சத்துக்கு ஓர் அறக்கட்டளையும், எங்கள் கிராமத்துப் படிப்பகத்துக்கு 5 லட்சமும் கொடுக்க ஆசை. நண்பர்கள் தனியாக டிரஸ்ட் பதிவு செய்யச் சொல்கிறார்கள். ஸ்ரீவைகுண்டம் கல்லூரி நூலகர் பாலம் கல்யாணசுந்தரம் தன் சம்பளத்தையே தானமாகக் கொடுத்தவர். நான் 20 லட்சம் கொடுக்கக் கூடாதா? மனைவிக்கு 57 வயது, மூட்டு அறுவை சிகிச்சை செய்யச் சொல்லியிருக்கிறார்கள். "முதலில் மாடி ஒழுகுவதைப் பாருங்கள்" என்கிறார். என்ன செய்வது?

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம், ஐயா. ஆனால் 20 லட்சமாக வேண்டாம், இந்த ஆண்டே மொத்தமாக வேண்டாம், அறக்கட்டளையாகவும் வேண்டாம். மாடி பற்றி உங்கள் துணைவியார் சொல்வது சரி.

நீங்கள் எடுத்துக்காட்டிய மனிதரிலிருந்தே தொடங்குகிறேன். பாலம் கல்யாணசுந்தரம் 2023இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவர் செய்ததைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் அவர் திருமணம் செய்துகொள்ளாதவர். அவர் வாழ்க்கையை அவர் ஒருவரே முடிவு செய்தார், அதன் கஷ்டத்தையும் அவரே ஏற்றார். உங்கள் 52 லட்சம் இரண்டு பேருடைய முதுமைக்கான பணம். உங்கள் பகுதிக்காரர்கள் உடனே வள்ளல் அழகப்பரையும் சொல்வார்கள். 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கியவர், மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர். அவருக்கு மில்கள் இருந்தன, விமான நிறுவனமே இருந்தது. உங்களுக்கு ஓய்வூதியம் மட்டும்தான் இருக்கிறது.

அந்த ஓய்வூதியம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் என் முதல் கவலை. மாநில அரசு ஊழியருக்குக் கருவூலம் கொடுக்கிறது. பல்கலைக்கழக ஊழியர்கள் பலருக்குப் பல்கலைக்கழகத்தின் நிதியிலிருந்தே ஓய்வூதியம் வருகிறது. தமிழ்நாட்டில் சில பல்கலைக்கழகங்களில் நிதி நெருக்கடியால் சம்பளமும் ஓய்வூதியமும் தாமதமான செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். உங்கள் பல்கலைக்கழகத்திலும் அப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மாதாமாதம் உங்களுக்குப் படியளக்கும் இடத்திலேயே சேமிப்பில் கால் பங்குக்கு மேல் கொண்டுபோய் வைப்பது, நிதிக் கணக்கில் பார்த்தால், ஒரே இடத்தை இரண்டு முறை நம்புவது. ஆகவே ஓர் ஆண்டு ஓய்வூதியத்துக்குச் சற்றுக் கூடுதலான 6 லட்சத்தை உடனே எடுக்கக்கூடிய வங்கி வைப்பில் வையுங்கள். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் வைப்புக் காப்பீடு உண்டு என்பதால் இரண்டு வங்கிகளில் பிரித்து வையுங்கள்.

இரண்டாவது கவலை துணைவியாரைப் பற்றியது. உங்கள் காலத்துக்குப் பிறகு, தொடக்கத்தில் சில ஆண்டுகள் கூடுதலாக வந்தாலும், பின்னர் குடும்ப ஓய்வூதியம் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதமும் அதற்கான அகவிலைப்படியும்தான். உங்கள் கணக்கில் அடிப்படை 21,600 ரூபாய். இன்றைய அகவிலைப்படியைச் சேர்த்தால் சுமார் 34,000. உங்கள் செலவோ 38,000. இருவர் ஒருவரானால் செலவு பாதியாகிவிடாது. மின்கட்டணமும் சொத்து வரியும் அப்படியே இருக்கும், மருத்துவச் செலவு ஏறும். இந்த இடைவெளியை நிரப்பப்போவது நீங்கள் இன்று எடுத்து வைக்கும் பணம்தான்.

இனி 15 லட்சம் அறக்கட்டளை. பல்கலைக்கழக அறக்கட்டளை எப்படி நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்களே கோப்பு நகர்த்தியவர். பதிவாளருக்குக் கடிதம், ஆட்சிக்குழுவின் ஒப்புதல், பல்கலைக்கழகத்தின் பெயரில் நிரந்தர வைப்பு, ஆண்டுதோறும் வட்டி, அதற்கு விண்ணப்பம், தேர்வுக் குழு, பிறகு காசோலை. ஒரு மாணவிக்கு அபராதத்துடன் கட்டணம் கட்டக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை என்றால், அவளுக்கு வியாழக்கிழமைக்குள் பணம் வேண்டும். அறக்கட்டளைக் காசோலை அடுத்த பருவத் தேர்வும் முடிந்த பிறகு வரும். நீங்கள் 33 ஆண்டுகள் கண்ணால் பார்த்த கஷ்டத்துக்கும் நீங்கள் தேர்ந்தெடுத்த வழிக்கும் பொருத்தமே இல்லை.

விலைவாசியையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு காலத்தில் 5,000 ரூபாய் வைப்பில் தொடங்கிய பரிசுகள் உண்டு. 7 சதவீத வட்டி என்றாலும் ஆண்டுக்கு 350 ரூபாய். மேடையில் போர்த்தும் சால்வைக்குக்கூடப் போதாது. ஆண்டுக்கு 5 சதவீதம் விலைவாசி ஏறினால், 20 ஆண்டுகளில் ஒரு லட்சத்தின் வாங்கும் திறன் ஏறத்தாழ 38,000 ரூபாய்க்கு இறங்கிவிடும். அறக்கட்டளை நிலைக்க வேண்டுமென்றால் வட்டி முழுவதையும் செலவு செய்யக் கூடாது; 4 சதவீதத்தைக் கொடுத்துவிட்டு மீதியை அசலோடு சேர்க்க வேண்டும். 15 லட்சத்துக்கு 4 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 60,000 ரூபாய்.

இந்த 60,000 ரூபாயை அசலை விட்டுக்கொடுக்காமலே உங்களால் கொடுக்க முடியும். அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். இதை எழுதும்போது வட்டி 8.2 சதவீதம், போடும் நாளின் வட்டி விகிதம் ஐந்து ஆண்டுகளுக்கும் மாறாது. 30 லட்சத்துக்குக் காலாண்டுக்கு 61,500 ரூபாய். ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரித் தொடக்கத்தில் கணக்கில் விழும். ஜூலை மாத வட்டியை முழுவதுமாக மாணவர்களுக்கென்று ஒதுக்கிவிடுங்கள். கல்வியாண்டு தொடங்கும் நேரம் அதுதான். தனியாக ஒரு சேமிப்புக் கணக்கில் அதைப் போட்டு வைத்து, தேவைப்படும் பிள்ளையின் கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் இணையதளம் வழியாக நீங்களே நேரடியாகக் கட்டுங்கள். பையனின் கையில் பணம் போக வேண்டாம், ரசீது உங்களிடம் இருக்கட்டும். துறைத் தலைவர்கள் இரண்டு பேரிடம் சொல்லி வைத்தால் போதும். உண்மையில் யாருக்குத் தேவை என்று அவர்களுக்குத் தெரியும். தேர்வுப் பிரிவின் நெளிவு சுளிவுகள் தெரிந்த நீங்கள், நிலுவைத் தாள் எப்போது எழுதலாம், சான்றிதழுக்கு எந்தப் படிவம் என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னால், அது பல நேரம் கட்டணத்தைவிடப் பெரிய உதவி.

மீதி மூன்று காலாண்டு வட்டி உங்கள் வீட்டுக்கு. அது 1,84,500 ரூபாய், மாதத்துக்குப் பிரித்தால் 15,375. மேலும் 7.5 லட்சத்தைத் துணைவியார் பெயரில் அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் போடுங்கள், இப்போதைய 7.4 சதவீத வட்டியில் மாதம் 4,625 வரும். ஓய்வூதியத்தோடு சேர்த்தால் மாதம் 64,000. செலவு போக மிஞ்சுவதை அஞ்சலகத் தொடர் வைப்பிலோ வங்கியிலோ சேர்த்து வாருங்கள். மூன்று ஆண்டுகள் கழித்தும் உபரி இருந்தால் ஜனவரி வட்டியையும் மாணவர் கணக்குக்குத் திருப்பலாம். கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் கையில் இருக்கும். அறக்கட்டளைக்குக் கொடுத்த பணத்தை, வீட்டில் அவசரம் என்று சொல்லித் திரும்பக் கேட்க முடியாது.

கிராமத்துப் படிப்பகத்துக்கு 5 லட்சம் தேவையா என்று எனக்குச் சந்தேகம். கட்டடம் பொதுச் சொத்தாக இருந்தால் "நமக்கு நாமே" திட்டத்தில் மாவட்ட நிர்வாகத்துக்கு விண்ணப்பிக்கலாம். மக்கள் பங்காகக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடும். நீங்கள் கட்டும் 1.5 லட்சத்தில் 4.5 லட்சத்துக்கு வேலை நடக்கும். ஊராட்சித் தலைவரையும் வட்டார வளர்ச்சி அலுவலரையும் பார்த்துப் பேசுங்கள். நான்கைந்து முறை அலைய வேண்டியிருக்கும். அரசு அலுவலகம் உங்களுக்குப் புதிதல்ல. இடம் தனியார் பெயரில் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யாமல் ஒரு செங்கல்கூட வாங்காதீர்கள். ஊர்ப் படிப்பகங்கள் பல இந்த ஒரு சிக்கலில்தான் பின்னாளில் யாரோ ஒருவரின் பங்காளித் தகராறில் மாட்டிப் பூட்டப்படுகின்றன.

டிரஸ்ட் வேண்டாம். 15 லட்சத்துக்குத் தனி டிரஸ்ட் என்றால் பத்திரப் பதிவு, தனி பான் எண், வருமான வரித்துறையில் பதிவு, அதைக் குறித்த காலத்தில் புதுப்பித்தல், ஆண்டுக் கணக்கு, ஆடிட்டர் கட்டணம் என்று வரிசையாக வரும். இதெல்லாம் நடந்து முடிவதற்குள் மாணவர் பணத்தில் ஒரு பகுதி காகிதத்துக்கே போய்விடும். உங்களுக்குப் பிறகு அறங்காவலராக யார் இருப்பார்கள் என்பதையும் நண்பர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள். வரிச் சலுகைக்காகவும் இதைச் செய்ய வேண்டியதில்லை. ஓய்வூதியமும் வட்டியும் சேர்ந்து உங்கள் ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள்தான் வரும். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி கட்ட வேண்டியதில்லை. அந்த முறையில் நன்கொடைக் கழிவும் கிடையாது. இல்லாத வரியைக் குறைக்க எந்தத் திட்டமும் தேவைப்படாது. துணைவியார் பெயரில் போடும் பணத்தின் வட்டி உங்கள் வருமானத்தில்தான் சேரும் என்பதை மட்டும் கணக்குத் தாக்கல் செய்யும்போது மறக்காதீர்கள். அஞ்சலகத்திலும் வங்கியிலும் வரிப் பிடித்தம் வேண்டாம் என்ற உறுதிமொழிப் படிவத்தை ஆண்டுதோறும் ஏப்ரலில் கொடுத்துவிடுங்கள்.

மூட்டு அறுவை சிகிச்சைக்கு 5 லட்சம் தனியாக இருக்கட்டும். ஓய்வூதியர் மருத்துவக் காப்பீட்டில் நீங்கள் சேர்க்கப்பட்டிருக்கிறீர்களா, துணைவியார் பெயர் அதில் இருக்கிறதா, நீங்கள் நினைத்திருக்கும் மருத்துவமனை பட்டியலில் உண்டா என்று நிதி அலுவலர் பிரிவில் எழுத்து மூலமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை போதாது. மாடிக்கு 2 லட்சம். அந்த வேலையை ஐப்பசிக்கு முன் முடித்துவிடுங்கள். மழை தொடங்கிய பிறகு கொத்தனார் கிடைக்க மாட்டார்.

தந்தையார் பெயரில் அறக்கட்டளை என்ற ஆசையை நான் தள்ளவில்லை. அதற்கு ஏற்ற இடம் உயில். உங்கள் சேமிப்பின் வட்டியைத் துணைவியார் ஆயுள் வரை அனுபவிக்க வேண்டும், அவர் காலத்துக்குப் பிறகு மிஞ்சுவதில் நான்கில் ஒரு பங்கு தந்தையார் பெயரிலான அறக்கட்டளைக்காகப் பல்கலைக்கழகத்துக்கு, மீதி மகளுக்கும் மகனுக்கும் என்று எழுதலாம். தொகையைக் குறிப்பிடாமல் பங்காக எழுதுங்கள். மருத்துவச் செலவில் பணம் கரைந்துவிட்டால், பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லாமல் பல்கலைக்கழகம் மட்டும் 15 லட்சம் கேட்கும் நிலை வராது. எந்தப் பாடப்பிரிவு மாணவர் என்று குறுக்காமல் "முதல் தலைமுறை மாணவர்" என்று மட்டும் எழுதுங்கள், பாடப்பிரிவுகள் மூடப்படுவதுண்டு. நிறைவேற்றுநராக உங்களைவிட இளையவர் ஒருவரை நியமியுங்கள். இரண்டு சாட்சிகள் வேண்டும், அவர்கள் உயிலில் பயன் பெறாதவர்களாக இருப்பது நல்லது. பதிவு கட்டாயமில்லை என்றாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். செலவு சொற்பம்தான்.

இதைப் பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். நீங்கள் சுயமாகச் சம்பாதித்த பணம், யாரும் தடுக்க முடியாது. ஆனாலும் உயிலைப் படிக்கும்போதுதான் நான்கில் ஒரு பங்கு போவது தெரிந்தது என்றால், மகன் நிறைவேற்றுநரோடு சண்டைக்கு நிற்பான், பல்கலைக்கழகம் வழக்கு வேண்டாம் என்று ஒதுங்கிவிடும். கோவைக்குப் போகும்போது நேரில் உட்கார்ந்து சொல்லுங்கள்; தொலைபேசியில் வேண்டாம்.

30, 7.5, 6, 5, 2, 1.5 என்று இதுவரை சொன்னதெல்லாம் கூட்டினால் 52 லட்சம் சரியாக வருகிறது. மூத்த குடிமக்கள் கணக்கைத் துணைவியாரோடு கூட்டாகத் திறங்கள். 57 வயதில் அவர் தன் பெயரில் மட்டும் திறக்க முடியாது. ஆனால் மனைவி என்ற முறையில் இரண்டாவது பெயராக எந்த வயதிலும் சேரலாம், அப்போது அவருக்கு இந்தத் திட்டத்துக்கான தகுதி வயது வந்திருந்தால் உங்களுக்குப் பிறகும் கணக்கைத் தொடரலாம். படிவத்தில் அவருடைய ஆதார், பான் எண், புகைப்படம், கையெழுத்து எல்லாம் கேட்பார்கள். பணத்தைக் காசோலையாகக் கொண்டுபோங்கள், அவரையும் கூடவே அஞ்சலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.