பயாப்ஸிக்கு முன் அகச்சிவப்புக்குக் காத்திருக்கலாமா?

வணக்கம். அகச்சிவப்புக் கதிரை வைத்தே செல்லில் புற்றுநோய் இருக்கிறதா என்று கண்டுபிடித்துவிடலாம் என்று படித்தேன். என் அக்காவுக்குக் கருப்பை வாயில் சந்தேகம் என்று பயாப்ஸி எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். சதையை வெட்டுவார்களே என்று பயப்படுகிறார். இந்த முறை வரும்வரை காத்திருக்கலாமா?
சுமதி

அன்புள்ள சுமதி,

காத்திருக்க வேண்டாம். அக்காவை இந்த வாரமே அழைத்துப்போங்கள்.

நீங்கள் படித்தது பொய்யல்ல. செல்லிலுள்ள புரதம், கொழுப்பு, டிஎன்ஏ ஒவ்வொன்றின் பிணைப்புகளும் தமக்குரிய அலைநீளங்களில் அகச்சிவப்பை உறிஞ்சுகின்றன. எந்த அலைநீளம் எவ்வளவு குறைந்து வெளிவருகிறது என்று அளந்தால், உள்ளே எது எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். நுண்ணோக்கியில் பார்க்கச் செல்லுக்குப் பூசும் சாயமே தேவையில்லை. இந்த அழகு எனக்கும் பிடிக்கும்.

1991இல் வோங், ரிகாஸ் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் 156 பெண்களின் கருப்பை வாயிலிருந்து எடுத்த செல்களை இப்படி ஆராய்ந்தார்கள். புற்றுநோய் உள்ளவர்களின் செல்களில் கிளைக்கோஜன், அதாவது செல் சேமித்து வைக்கும் சர்க்கரைப் பொருள், குறைந்திருந்தது. ஆனால் கிளைக்கோஜன் வேறு காரணங்களாலும் குறையும். மேற்பரப்பில் முதிர்ந்த செல்களில் அது நிறைய இருக்கும், அடியிலுள்ள இளம் செல்களில் இருக்காது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் குறைவு. மாதிரியில் சளியோ ரத்தமோ கலந்தால் அளவீடே குழம்பிவிடும். மருத்துவர்கள் கருப்பை வாயில் அயோடின் தடவுவதும் இதே கிளைக்கோஜனைப் பார்க்கத்தான்: அது உள்ள இடம் பழுப்பாகும், இல்லாத இடம் மஞ்சளாக நிற்கும். மஞ்சளைப் பார்த்ததும் புற்றுநோய் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. அங்கிருந்துதான் பயாப்ஸி எடுக்கிறார்கள்.

இன்னொன்றை அக்காவிடம் அவசியம் சொல்லுங்கள். இந்த அகச்சிவப்பு உடலுக்குள் ஊடுருவிப் போகாது, நீர் அதை விழுங்கிவிடும். 2005இல் ஆய்வாளர் ரோகித் பார்கவா குழுவினர் ஆண்களின் புராஸ்டேட் சுரப்பித் திசுவில் இந்த அகச்சிவப்பு ஆய்வைச் சிறப்பாகச் செய்து காட்டினார்கள். அவர்களும் பார்த்தது வெட்டி எடுத்த மெல்லிய திசுத்துண்டுகளைத்தான். எது நோயுள்ள செல் என்று கணினிக்குக் கற்றுக்கொடுக்கவும் நோயியல் நிபுணர் அடையாளமிட்ட திசுவே வேண்டியிருந்தது. இந்த வழியில் எனக்கு நிஜமான நம்பிக்கை உண்டு. நாளைக்கு நிபுணரின் வேலையை அது விரைவாக்கலாம். ஆனால் அக்காவுக்கு அதனால் வெட்டு மிச்சமாகாது.

கருப்பை வாய் பயாப்ஸியில் எடுப்பது மிகச் சிறிய துணுக்கு. சில நிமிடங்களில் முடிந்துவிடும். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். வலி பற்றி முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். அறிக்கையில் 'சிஐஎன்' என்று வந்தால் பதற வேண்டாம், அது புற்றுநோய்க்கு முந்தைய நிலை. லேசானதென்றால் கண்காணிப்பே போதுமாகலாம், தீவிரமானதென்றால் அந்தப் பகுதியை மட்டும் அகற்றிவிடுவார்கள்.