90களில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்கள் ஏன் ஒரு வெற்றுப் போத்தலைக்கூட எறிய மாட்டார்கள்?

கஞ்சத்தனம் என்று பலர் நினைக்கிறார்கள். அது இல்லை. 1990 ஜூனில் அரசுக்கும் புலிகளுக்கும் சண்டை மறுபடி தொடங்கியதும் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையும் வந்தது. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, பேட்டரிக்குத் தடை.

அப்போதுதான் ஜாம் போத்தல் விளக்கு வந்தது. போத்தலின் அடியில் பஞ்சு, அது நனையுமளவு எண்ணெய், மேலே சைக்கிள் டியூப் வால்வில் செருகிய திரி. சுடர் பயறளவுதான். அதைச் சுற்றி நாலு பிள்ளைகள் படிப்பார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடும். சவர்க்காரம் கிடைக்காதபோது பனம்பழத்தில் துணி துவைத்தார்கள். (அந்த வாசம் லேசில் போகாது!)

அப்புறம் 1995 அக்டோபர் 30. ராணுவம் யாழ் நகரை நெருங்க, ஒரே இரவில் குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமத்திலிருந்து லட்சக்கணக்கானோர் மழையில் நாவற்குழிப் பாலம் வழியே கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தார்கள். வீட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. சான்றிதழ் பையை எடுத்துப் போகலாம். எங்கள் சனத்தின் படிப்பு வெறி அதற்கு முன்பே உண்டு, ஆனால் அந்த இரவு அதை இறுக்கிவிட்டது என்றே நினைக்கிறேன். என் அம்மா கொழும்பில் குடியேறி இருபது வருடமாகியும் அந்தப் பை இன்னும் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது.