எரிந்த கொடியை எடுத்துப் புதைத்தவர்: வாசகர் கேள்வி-பதில்

அமெரிக்காவில் கொடியை எரித்துப் போராடுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் இரண்டு கேள்விகளுக்குப் பதில் நீளம். அவற்றைச் சுருக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: நாங்கள் டல்லாஸில் இருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பெரியவர் வியட்நாம் போரில் சண்டையிட்டவர். யாரோ கொடியை எரிப்பதை டிவியில் பார்த்துவிட்டு அன்று முழுக்க அவர் யாரோடும் பேசவில்லை. இத்தனை பேர் மனதை நோகடிக்கும் செயலை எப்படி உரிமை என்கிறார்கள்?

அதை உரிமை என்று ஏற்ற வழக்கு உங்கள் ஊரில்தான் தொடங்கியது. 1984 ஆகஸ்டில் குடியரசுக் கட்சி மாநாடு டல்லாஸில் நடந்தபோது, ரீகன் அரசை எதிர்த்துச் சுமார் நூறு பேர் ஊர்வலம் போனார்கள். நகர மன்றத்துக்கு முன்னால் கிரிகரி லீ ஜான்சன் என்பவர் அமெரிக்கக் கொடியில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார். யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் பார்த்தவர்கள் சிலர் தங்கள் மனம் மிகவும் புண்பட்டதாக நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள். டெக்சஸ் சட்டப்படி ஜான்சனுக்கு ஓராண்டு சிறையும் 2,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. மாநிலத்தின் உயர்ந்த குற்றவியல் நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. 1989 ஜூனில் உச்ச நீதிமன்றமும் 5-4 என்ற கணக்கில் அதையே உறுதி செய்தது.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பிரென்னன். ஒரு கருத்து மக்களுக்குப் பிடிக்கவில்லை, அவர்களை நோகடிக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அரசு அதைத் தடை செய்ய முடியாது என்பதுதான் அதன் சாரம். நோவு பொய் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. கென்னடி என்ற நீதிபதி பெரும்பான்மையோடு சேர்ந்தபோதும், தங்களுக்கே பிடிக்காத முடிவைச் சில நேரம் எடுக்க வேண்டியிருக்கிறது என்று தனியாக எழுதி வைத்தார். ஸ்காலியாவும் அந்த ஐவரில் ஒருவர். தான் அரசனாக இருந்தால் கொடி எரிப்பவர்களை உள்ளே தள்ளியிருப்பேன், ஆனால் தான் அரசன் இல்லை என்று பிற்காலத்தில் பேசினார்.

நான் திரும்பத் திரும்பப் படிப்பது அந்தத் தீர்ப்பின் கடைசிப் பகுதியைத்தான். ஊர்வலம் கலைந்த பிறகு, அங்கே நின்று பார்த்த ஒருவர் கொடியின் எரிந்த மிச்சங்களைப் பொறுக்கி எடுத்துப்போய்த் தன் வீட்டுக் கொல்லையில் புதைத்தார். பிரென்னன் அவரைக் குறிப்பிடுகிறார். கொடியை எரிப்பவருக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் நம் கொடியை உயர்த்துவோம், எரியும் கொடிக்கு வணக்கம் செலுத்துவோம், இவர் செய்ததுபோல மிச்சத்தை மரியாதையோடு அடக்கம் செய்வோம், இவற்றைவிடப் பொருத்தமான பதில் இல்லை என்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் பேச வாய்த்தால் முதலில் இந்தக் கதையைச் சொல்லுங்கள். சட்டத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

கேள்வி: போர்முனையில் நின்றவர்கள் எல்லோருமே கொடி எரிப்பைத் தண்டிக்கச் சொல்கிறவர்கள்தானே? அவர்கள் சொல்லுக்கு மேல் நமக்கு என்ன பேச்சு?

அவர்கள் சொல் ஒன்றல்ல. அமெரிக்கன் லீஜன், வெளிநாட்டுப் போர்களில் சண்டையிட்டவர்கள் சங்கம் ஆகிய முன்னாள் படைவீரர்களின் பெரிய அமைப்புகள் கொடியைக் காக்க அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும் என்று பல்லாண்டுகளாகக் கேட்டுவருகின்றன. சக வீரனின் சவப்பெட்டியின் மேல் அந்தக் கொடியை விரித்துப் பார்த்தவர்கள் அவர்கள். அந்தக் கோபத்தை யாரும் இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1989 வழக்கில் மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ் இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்தவர். அந்தப் போரில் பிரான்சின் ஓமஹா கடற்கரையில் மேடேறிய வீரர்களை அவர் நினைவுகூர்கிறார். நீதிபதிகள் ரென்குவிஸ்டும் வைட்டும்கூடப் படையில் இருந்தவர்கள், அவர்களும் ஸ்டீவன்ஸ் பக்கம். ஆனால் எரித்தவரை விடுவித்துத் தீர்ப்பு எழுதிய பிரென்னனும் அதே போரின்போது ராணுவத்தில் பணியாற்றியவர்தான்.

அரசியல் சட்டத் திருத்தம் 2006 ஜூனில் செனட்டுக்கு வந்தபோது, மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு தேவை என்பதால், 66-34 என்று ஒரே ஓட்டில் தோற்றது. எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில் ஒருவர் ஹவாய் செனட்டர் டேனியல் இனோயே. இத்தாலியில் நடந்த சண்டையில் வலது கையை இழந்தவர், அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் பெற்றவர். கொடி எரிப்பதை அவர் ஆதரிக்கவில்லை. அது அருவருப்பான செயல் என்றே சொன்னார். ஆனால் வெறுப்பான எண்ணம் உள்ளவர்களுக்கும் பேசும் உரிமை இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் வீரர்கள் உயிர் கொடுத்தார்கள் என்பது அவர் வாதம். முப்படைத் தலைவராக இருந்த காலின் பவலும் 1999இல் செனட்டர் ஒருவருக்குக் கடிதம் எழுதித் திருத்தத்தை எதிர்த்தார்.

கொடியை எரித்த கையே படைவீரருடைய கையாக இருந்த வழக்கும் உண்டு. சிட்னி ஸ்ட்ரீட் என்ற கறுப்பின மனிதர் இரண்டாம் உலகப் போரில் வெண்கல நட்சத்திரப் பதக்கம் வாங்கியவர். 1966 ஜூன் 6 அன்று, உரிமைப் போராளி ஜேம்ஸ் மெரிடித் மிசிசிப்பியில் சுடப்பட்ட செய்தி வானொலியில் வந்தது. ஸ்ட்ரீட் மேசை இழுப்பறையைத் திறந்தார். தேசிய விடுமுறை நாட்களில் ஏற்றுவதற்காக மடித்து வைத்திருந்த, 48 நட்சத்திரங்கள் கொண்ட பழைய கொடியை எடுத்தார். புரூக்ளினில் தன் வீட்டருகே தெருமுனைக்குப் போய்த் தீக்குச்சி கிழித்தார். மெரிடித்துக்கு இப்படி நடக்கவிடுகிறார்கள் என்றால் நமக்கு அமெரிக்கக் கொடியே வேண்டாம் என்றார். 1969இல் உச்ச நீதிமன்றம் அவர் தண்டனையை நீக்கியது. எரித்த செயலைப் பற்றி முடிவு சொல்லாமல், பேசிய சொல்லுக்காகவும் தண்டிக்கப்பட்டிருக்கலாம் என்ற காரணத்தை அப்போது சொன்னார்கள்.

அந்தக் கொடியை மடித்துப் பத்திரப்படுத்தி வைத்திருந்தவர் நாட்டை வெறுத்தவர் என்று என்னால் நம்ப முடியவில்லை. படைவீரர்களின் பெயரால் ஒருவர் வாயை அடைக்க நினைக்கும்போது, எந்தப் படைவீரரின் பெயரால் என்று கேளுங்கள்.

கேள்வி: வீட்டு வாசலில் கட்டிய கொடி வெயிலில் நைந்து கிழிந்துவிட்டது. குப்பையில் போடலாமா?

வேண்டாம். அமெரிக்கக் கொடி விதிகளே, பயன்படுத்த முடியாத கொடியைக் கண்ணியமான முறையில், முடிந்தால் எரித்து, அப்புறப்படுத்தச் சொல்கின்றன. பல ஊர்களில் லீஜன் கிளையில் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். ஜூன் 14 கொடி நாளை ஒட்டி மொத்தமாக எரிப்பார்கள். அப்படி ஒன்றை நான் நேரில் பார்த்திருக்கிறேன். தொப்பி அணிந்த முதியவர்கள் வரிசையாக நின்றார்கள். மடித்த கொடிகளை ஒவ்வொன்றாகத் தீயில் வைத்தார்கள். நைலான் கொடி சுருண்டு கருகும்போது மூக்கைக் குத்தும் வாடை வந்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை. தீ ஆறியதும் ஒருவர் குனிந்து, கயிறு கோக்கும் பித்தளை வளையங்களைச் சாம்பலிலிருந்து பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டார்.

துணியும் தீயும் அதேதான். ஒன்றுக்கு வணக்கம், இன்னொன்றுக்குச் சிறை என்றால், சட்டம் தண்டிப்பது எரித்தவர் மனதில் இருந்ததைத்தான். 1989இல் பெரும்பான்மை நீதிபதிகள் பிடித்துக்கொண்ட இடமும் இதுதான்.

கேள்வி: கொடிப் படம் போட்ட டீ-சர்ட்?

உடையாக்கக் கூடாது என்று விதி இருக்கிறது, மீறினால் தண்டனை இல்லை. தாராளமாகப் போடுங்கள்.

கேள்வி: 2025இல் டிரம்ப் ஆணை போட்டாரே, இனி எரித்தால் ஓராண்டு சிறைதானே? என் மகன் அங்கே மாணவர் விசாவில் இருக்கிறான்.

ஓராண்டு சிறை என்று அவர் வாயால் சொன்னார், ஆகஸ்ட் 25 அன்று கையெழுத்தான ஆணையில் அது இல்லை. அதிபரின் ஆணையால் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை மாற்ற முடியாது. கொடி எரிப்பைத் தடுக்க அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றிய சட்டமே 1990இல் அந்த நீதிமன்றத்தில் அதே 5-4 கணக்கில் விழுந்தது. கொடியை எரிக்கும்போது வேறு பொதுவான சட்டங்கள் மீறப்பட்டால் அவற்றின்கீழ் தீவிரமாக வழக்குப் போடுங்கள் என்பதுதான் ஆணை. திருடிய கொடி, அடுத்தவர் சொத்துக்குச் சேதம், தீ மூட்டத் தடையுள்ள இடம், உடனடி வன்முறைத் தூண்டல் ஆகியவை முன்பும் குற்றம்தான். ஆணை வந்த அன்று மாலையே வெள்ளை மாளிகைக்கு எதிரே உள்ள பூங்காவில் ஒருவர் கொடியை எரித்துக் கைதானார். அவரும் முன்னாள் ராணுவ வீரர்.

உங்கள் மகனுக்குச் சொல்ல வேண்டியது வேறு. சட்டம் இடம் தரும் அளவுக்கு வெளிநாட்டவரின் விசாவையும் வசிப்பிட உரிமையையும் ரத்து செய்யலாம் என்றும் அந்த ஆணையில் இருக்கிறது. இதை அசட்டையாக விடாதீர்கள். போராட்டத்துக்குப் போவதாக இருந்தால் முதலில் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் பேசச் சொல்லுங்கள்.

கேள்வி: இந்தியாவில்?

குற்றம். 1971ஆம் ஆண்டு தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டப்படி பொது இடத்தில் கொடியை எரித்தால் மூன்றாண்டு வரை சிறை. ஆனால் கொடியை எரிப்போம் என்ற அறிவிப்பு நம் மண்ணுக்குப் புதிதல்ல. இந்தித் திணிப்பை எதிர்த்து 1955 ஆகஸ்ட் 1 அன்று தேசியக் கொடியை எரிக்கப் பெரியார் நாள் குறித்தார். முதலமைச்சர் காமராஜர் உறுதிமொழி கொடுத்ததும் போராட்டத்தைத் தள்ளிவைத்தார். கொடி எரியாமலே கேட்ட பதில் வந்தது.

கேள்வி: தேசிய கீதத்தின்போது மண்டியிடுவதும் கொடியை அவமதிப்பதுதானே?

அந்த மண்டியிடலை யோசனையாகச் சொன்னவரே ஒரு முன்னாள் சிறப்புப் படை வீரர். 2016இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் காலின் கேப்பர்னிக், கறுப்பினத்தவர் மீதான போலீஸ் வன்முறையைக் கண்டித்து, கீதத்தின்போது எழாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்து நொந்த அந்தச் சிறப்புப் படை வீரர் நேட் பாயர் அவருக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். கேப்பர்னிக் அவரைச் சந்திக்க அழைத்தார். இருவரும் சான் டியாகோவில் உட்கார்ந்து பேசினார்கள். உட்காராதே, மண்டியிடு, இறந்த தோழனின் கல்லறை முன் நாங்கள் அப்படித்தான் செய்வோம் என்றார் பாயர். கேப்பர்னிக் ஒப்புக்கொண்டார். செப்டம்பர் 1 ஆட்டத்தில் கீதம் ஒலித்தபோது அவர் மண்டியிட்டார். பாயர் நெஞ்சில் கை வைத்து அவர் பக்கத்திலேயே நின்றார்.