எப்படி அணைந்தது என்று முதலில் சொல்லுங்கள்

கணினி கேள்வி – பதில்

கேள்வி: அக்கா, வணக்கம். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஆறு வருடப் பழைய கணினியில் இரண்டு மாதம் முன்பு புது கிராபிக்ஸ் கார்டு போட்டேன். படம் பார்த்தாலும் பிராஜெக்ட் வேலை செய்தாலும் நாள் முழுக்க ஒன்றும் ஆவதில்லை. கேம் போட்டால் மட்டும் பத்து நிமிடத்திலோ ஒரு மணி நேரத்திலோ திரை கறுத்து, தானாக ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது. விண்டோஸ் பிழை காட்டும் ப்ளூ ஸ்கிரீன் (நீலத் திரை) வருவதில்லை. விண்டோஸ் நடந்ததைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர் 41’ என்று இருக்கிறது. அதைத் தேடிப் படித்துவிட்டு விண்டோஸை இரண்டு தடவை புதிதாகப் போட்டேன். ரேமைக் கழற்றி மாட்டினேன். பிராசஸர் 78 டிகிரி, கார்டு 74 டிகிரி. கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். 550 வாட், பழைய கணினியோடு வந்தது. கார்டு 220 வாட். எல்லாம் கூட்டினாலும் 350 தாண்டவில்லை. அப்புறம் ஏன்?

பதில்: தம்பி, ‘ஆஃப் ஆகிவிடுகிறது’ என்று ஒரே வார்த்தையில் முடிக்காமல் திரை கறுத்தது, தானாக எழுந்தது, நீலத் திரை இல்லை என்று எழுதினீர்களே, அதிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. அணைந்து அப்படியே கிடந்தால் ஒரு சந்தேகம். அணைந்து தானே எழுந்தால் வேறு சந்தேகம். நீலத் திரை காட்டிவிட்டுப் போனால் அது மூன்றாவது கதை.

பிராசஸர் சூட்டை முதலில் தள்ளிவிடுவோம். இப்போதைய பிராசஸர்கள் சூடேறியதும் மயங்கி விழுவதில்லை. முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கேம் திக்கித் திணறும். இன்டெல்லில் பலவற்றுக்கு எல்லை 100 டிகிரி, ஏஎம்டியின் ரைசன்களில் 90, 95. அதையும் மீறிப் போனால் மின்சாரத்தைத் துண்டித்துக்கொண்டு பெரும்பாலும் அணைந்தே கிடக்கும். உங்களுடையது 78-லேயே போய்விட்டு உடனே எழுந்து உட்காருகிறது.

அடுத்து அந்த 41. அது நோயின் பெயர் இல்லை, இரங்கல் நோட்டீஸ். மறுபடி உயிர் வந்த பிறகு விண்டோஸ் திரும்பிப் பார்த்து, ‘போன முறை என்னை ஒழுங்காக மூடவில்லை’ என்று எழுதி வைப்பதுதான் 41. காரணம் அதற்கே தெரியாது. ஆனால் அந்தப் பதிவைத் திறந்து ‘டீட்டெய்ல்ஸ்’ பக்கம் போனால் ‘பக்செக்கோட்’ என்று ஒரு வரி இருக்கும். அங்கே 0 இருந்தால், நீலத் திரை விவரத்தைக் குறிக்கக்கூட விண்டோஸுக்கு அவகாசம் கிடைக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். 278 இருந்தால் கிராபிக்ஸ் டிரைவரோ கார்டோ பதில் சொல்லாமல் நின்றிருக்கிறது. 292 என்றால் வன்பொருள் பிழை என்று பிராசஸரே புகார் கொடுத்திருக்கிறது. நீலத் திரை வந்த வேகத்தில் மறைந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. சிஸ்டம் பிராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்டப் அண்ட் ரெக்கவரி என்று போய் ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ டிக்கை எடுத்துவிடுங்கள். அப்புறமும் நீலம் வராமல் கறுப்பே வந்தால் எனக்குச் சந்தேகம் எஸ்.எம்.பி.எஸ். மேல்தான்.

‘350 தானே’ என்கிறீர்கள். அந்தக் கூட்டலில் தப்பில்லை, ஆனால் அது சராசரிக் கணக்கு. நிறைந்த குடத்தை நிதானமாக இழுத்தால் கிணற்றுக் கயிறு தாங்கும். அதே குடத்தை ‘வெடுக்’கென்று ஒரு சுண்டு சுண்டினால் அறுந்துவிடும். கிராபிக்ஸ் கார்டு செய்வது இந்தச் சுண்டல்தான். ஒரு ஃபிரேமுக்கும் (திரையில் வரும் ஒரு படம்) அடுத்த ஃபிரேமுக்கும் நடுவே, கண் சிமிட்டுவதைவிடக் குறைந்த நேரத்தில், பெட்டியில் போட்டிருக்கும் வாட்டைத் தாண்டி எகிறிவிட்டு இறங்கும். நீங்கள் பார்க்கும் மென்பொருள் ஒன்றிரண்டு வினாடிக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கிறது, அதன் கண்ணில் இது படாது. கார்டுகளின் இந்தக் குணத்தை நினைத்துத்தான் 2022-ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதியில், புதுவகைக் கார்டு இணைப்புள்ள 450 வாட்டுக்கு மேற்பட்ட எஸ்.எம்.பி.எஸ்.கள் தம் அளவைப் போல இரு மடங்கை 100 மைக்ரோ வினாடி தாங்க வேண்டும் என்று எழுதினார்கள். உங்களுடையது அதற்கு முந்தைய பிறவி.

சுண்டியதும் 12 வோல்ட் சரிகிறது. 5 சதவீதம்தான் சலுகை, அதாவது 11.4-க்குக் கீழே போகக் கூடாது. எஸ்.எம்.பி.எஸ். மதர்போர்டுக்கு ‘மின்சாரம் நலம்’ என்று ஓயாமல் ஒரு சைகை கொடுத்துக்கொண்டே இருக்கும். பவர் குட் என்பார்கள். அது ஒரு கணம் விட்டுப்போனால் போதும், மதர்போர்டு எல்லாவற்றையும் ரீசெட் செய்துவிடும். உங்கள் கறுப்புத் திரையும் ரீஸ்டார்ட்டும் இப்படி வந்திருக்கலாம்.

இப்போது கேபினட்டைத் திறந்து எஸ்.எம்.பி.எஸ். மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். கொட்டை எழுத்தில் உள்ள 550-ஐ விடுங்கள். கட்டம் போட்ட இடத்தில் +12 வோல்ட் வரியில் எத்தனை ஆம்பியர்? அதை 12-ஆல் பெருக்குங்கள். 45 ஆம்பியர் இருந்தால் 540 வாட், பேர் சொல்லும் பிள்ளை. 32 என்று இருந்தால் 384 வாட்தான். கார்டும் பிராசஸரும் இந்த ஒரு வரியில்தான் சாப்பிடுகின்றன. மீதி வாட் எல்லாம் அவற்றுக்கு உதவாத 3.3, 5 வோல்ட் வரிகளைச் சேர்த்து ஊதிக் காட்டியது.

காசு செலவழிக்கும் முன் ஒரு சோதனை. கார்டைக் கட்டுப்படுத்தும் மென்பொருளான எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரில் ‘பவர் லிமிட்’டை 70 சதவீதத்துக்கு இறக்குங்கள், கேமுக்குள் ஃபிரேமை வினாடிக்கு 60-ல் கட்டுங்கள். இரண்டு மூன்று நாள் அதே கேமை அதே நேரம் ஆடிப் பாருங்கள். ரீஸ்டார்ட் நின்றுவிட்டால், மறுபடி 100-க்கு ஏற்றி அது திரும்பி வருகிறதா பாருங்கள். இந்த இரண்டாவது பாதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நின்றது தற்செயலாகவும் இருக்கலாம் இல்லையா?

கார்டுக்குப் போகும் வயரையும் பாருங்கள். இரண்டு 8-பின் துளைகளுக்கும் ஒரே கேபிளின் இரட்டைத் தலையை மாட்டியிருந்தால், தனித்தனிக் கேபிளாக மாற்றுங்கள். ஒரு 8-பின்னுக்கு விதிப்படி 150 வாட். இரண்டின் சுமையும் ஒரே கேபிளில் ஏறுவது நல்லதல்ல. கேபிள் போதவில்லை என்று வேறொரு எஸ்.எம்.பி.எஸ். பெட்டியில் கிடக்கும் வயரை மட்டும் எடுத்துச் செருகிவிடாதீர்கள். கார்டுப் பக்கம்தான் எல்லாம் ஒரே அமைப்பு. எஸ்.எம்.பி.எஸ். பக்கம் கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் மாடலுக்கு மாடல் பின் வரிசை மாறும். துளையில் சரியாக உட்காரும், கார்டு புகையும். எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பிரித்துப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் உதைக்கிற அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

இன்னொரு சந்தேக நபரையும் சொல்லிவிடுகிறேன். 41-க்குப் பக்கத்தில் ‘வீயா-லாகர் 18’ என்று ஒரு பதிவு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது வன்பொருள் பிழை, கதை வேறு. பயாஸில் வோல்டேஜைக் குறைத்தோ, ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்.எம்.பி. போட்டோ வைத்திருந்தால் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு ஆடிப் பாருங்கள். ரைசன்களில் இந்த வகைப் பிழையும் நீலத் திரை காட்டாமலே ரீஸ்டார்ட் செய்யும்.

என் கதை ஒன்று. இருபது வருடமாக ஊராருக்கெல்லாம் கணினி பார்க்கிற நான், என் வீட்டுக் கணினி இதேபோல் ரீஸ்டார்ட் ஆனபோது மூன்று வாரம் திண்டாடினேன். ரேம் மாற்றினேன், விண்டோஸும் போட்டேன் (உங்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை). குண்டு வெடிக்கும் காட்சிகளில் மட்டும் போகிறதே என்று கார்டின் மேல் பழி போட்டேன். கடைசியில் பார்த்தால், எஸ்.எம்.பி.எஸ். பின்னால் பவர் வயர் முக்கால்வாசிதான் உள்ளே போயிருக்கிறது. மேஜைக்கடியில் சப்வூஃபர் கேபினட்டை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. குண்டு வெடித்தால் அது அதிரும், அது அதிர்ந்தால் வயர் ஆடும். கட்டைவிரலால் ஒரு அழுத்து, ‘டக்’ என்றது, அத்தோடு சரி. ஆகவே மேலே சொன்ன எதையும் செய்வதற்கு முன் அந்த வயரை ஒரு அழுத்து அழுத்திவிடுங்கள்.

(இதழ் அச்சுக்குப் போகும் முன் தம்பியிடமிருந்து பதில் வந்தது. ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரி 34 ஆம்பியர். பவர் லிமிட் 70-ல் மூன்று நாள் அமைதி, 100-க்கு ஏற்றியதும் இருபதாவது நிமிடம் போய்விட்டதாம். தனிக் கேபிள் போட்ட பிறகு தினமும் வந்தது வாரம் ஒரு தடவையாகக் குறைந்தது, நிற்கவில்லை. நண்பனின் 750 வாட்டைக் கடன் வாங்கி, அதனுடைய கேபிள்களோடே மாட்டிய பிறகு இதுவரை இல்லை. நண்பன் திருப்பிக் கேட்கிறானாம். வாங்கிவிடுங்கள் தம்பி, கார்டின் பெட்டியில் 650 என்று போட்டிருந்தால் அதற்குக் குறையாமல்.)

கேள்வி: சகோதரிக்கு, என் மகன் கேம் ஆடும்போது கணினி, மானிட்டர் இரண்டும் சேர்ந்தே அணைகின்றன. அதற்கு முன் கீழே இருக்கும் பெட்டி கீச்கீச்சென்று கத்துகிறது. கேம் ஆடி ஆடித்தான் கெட்டுப்போனது என்று நான் சொல்கிறேன், அவன் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறான். யார் சொல்வது சரி?

பதில்: மகன் சொல்வதுதான் சரி, மன்னிக்க வேண்டும். மானிட்டரும் சேர்ந்து போகிறது என்றால் கோளாறு கணினிக்குள் இல்லை, இரண்டுக்கும் மின்சாரம் கொடுக்கும் இடத்தில் இருக்கிறது. கத்துகிற பெட்டி யு.பி.எஸ்., ‘என்னால் இவ்வளவு சுமக்க முடியாது’ என்கிறது. அதன் மேல் 600 விஏ என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் உண்மையில் தருவது பல மாடல்களில் 360 வாட்தான். பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். கணக்கெழுதும் கணினிக்கு அது தாராளம். கேம் ஓடும் கணினியும் மானிட்டரும் சேர்ந்தால் திணறும். பேட்டரி பழசானால் இன்னும் மோசம். ஒருநாள் மட்டும் கணினியை யு.பி.எஸ்.ஸில் இருந்து எடுத்து நேராகச் சுவர் சாக்கெட்டில் மாட்டி அவனை ஆடச் சொல்லுங்கள். அணையவில்லை என்றால் அதிக வாட் உள்ள யு.பி.எஸ். வாங்க வேண்டியதுதான். லேசர் பிரின்டரையும் அதே யு.பி.எஸ்.ஸில் மாட்டியிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தால் ரீஸ்டார்ட் நின்றுவிடுகிறது. இப்படியே விட்டுவிடலாமா?

பதில்: கண்டுபிடிப்பு நன்று, இப்படியே விடுவது நன்றல்ல. சூடு என்று தெரிந்துவிட்டது, எங்கே என்று பாருங்கள். பிராசஸர் ஃபேனைக் கழற்றினால் ஹீட் சிங்க் தகடுகளின் வாயில் தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் அது தெரியாது. காற்றடித்துச் சுத்தம் செய்யும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுழலவிட்டால் பேரிங் போய்விடும். அதற்குப் பிறகும் நிற்கவில்லை என்றால் கேபினட்டைச் சாய்த்து அடியில் பாருங்கள். எஸ்.எம்.பி.எஸ். கீழிருந்து காற்று இழுக்கும் வகையாக இருந்தால் அங்கே ஒரு வலை இருக்கும். பெரும்பாலான எஸ்.எம்.பி.எஸ்.களின் சூட்டை எந்த மென்பொருளும் காட்டுவதில்லை. அந்த வலை அடைத்துப் போயிருந்தாலோ, கேபினட் தரைவிரிப்பின் மேல் உட்கார்ந்திருந்தாலோ, அதற்கு மூச்சு முட்டுவது உங்களுக்குத் தெரியவே தெரியாது.