நஞ்சுக்கொடி சிசேரியன் தழும்பில் ஒட்டியிருந்தால்: வாசகியர் கேள்விகளுக்குப் பதில்

இரண்டு பிரசவமும் சிசேரியன். 20-ஆவது வார ஸ்கேனில் நஞ்சு (நஞ்சுக்கொடி, பிளசென்டா) முன்பக்கம் கீழே இறங்கி கர்ப்பப்பை வாயை மூடியிருப்பதாகவும், அக்ரீட்டா (நஞ்சு கர்ப்பப்பைத் தசையில் ஒட்டிக்கொள்வது) சந்தேகம் என்றும் எழுதியிருக்கிறார்கள். போகப்போக மேலே ஏறிவிடும் என்கிறார் மாமியார்.

பொதுவாக அவர் சொல்வது சரிதான். 20 வாரத்தில் கீழே தெரியும் நஞ்சில் பெரும்பாலானவை கர்ப்பப்பை வளர வளர விலகிவிடும். ஆனால் உங்களுக்கு நஞ்சு பழைய தழும்பின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. நஞ்சுக்கும் தசைக்கும் நடுவே ஒரு மெல்லிய படலம் உண்டு. குழந்தை பிறந்ததும் நஞ்சு பிரிந்து வருவது அந்த இடத்தில்தான். தழும்பில் அந்தப் படலம் சரியாக உருவாவதில்லை. அதனால் நஞ்சு நேராகத் தசையில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதோடு நின்றால் அக்ரீட்டா, தசைக்குள் இறங்கினால் இன்க்ரீட்டா, தசையையும் தாண்டி மூத்திரப்பை வரை போனால் பெர்க்ரீட்டா.

2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், நஞ்சு கர்ப்பப்பை வாயை மூடியிருந்தவர்களில் மூன்றாவது சிசேரியனுக்கு வந்தோரில் 40 சதவீதத்தினருக்கு இப்படி ஒட்டியிருந்தது. இரண்டாவது சிசேரியனில் 11 சதவீதம். ஆகவே 'சந்தேகம்' என்ற சொல்லை நம்பிச் சும்மா இருக்காதீர்கள், உறுதி என்றே வைத்து ஏற்பாடு செய்யுங்கள். தெரியாமல் நஞ்சை இழுத்தால் 3 முதல் 5 லிட்டர் ரத்தம் போகலாம். நிறைமாதத்தில் உடம்பில் இருக்கும் ரத்தமே ஏறத்தாழ 6 லிட்டர்தான். முன்கூட்டியே தெரிந்துகொண்டதுதான் உங்களுக்கு இப்போது இருக்கும் பெரிய பலம்.

எம்.ஆர்.ஐ. கட்டாயமா?

இல்லை. இதைப் பார்த்துப் பழகியவர் செய்யும் டாப்ளர் ஸ்கேன் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட்) பெரும்பாலும் போதும். மூத்திரப்பை ஓரளவு நிரம்பியிருக்கும்போது போங்கள். அதன் சுவர்க்கோடு படத்தில் எங்கே விட்டுப்போயிருக்கிறது என்பது அப்போதுதான் தெளிவாகத் தெரியும். நஞ்சுக்குள் ஒழுங்கற்ற ரத்தக்குழிகள் உண்டா, நஞ்சின் பின்னால் தசை 1 மில்லிமீட்டருக்கும் கீழே மெலிந்திருக்கிறதா என்பதும் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். நஞ்சு பின்பக்கம் இருந்தாலோ, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது புரியாவிட்டாலோ எம்.ஆர்.ஐ. உதவும்.

வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போகலாமா? அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணி நேரம்.

போகாதீர்கள். அம்மா உங்களிடம் வரட்டும். ரத்த வங்கி, இரவிலும் இருக்கும் மயக்க மருத்துவர், தீவிர சிகிச்சைப் பிரிவு, பச்சிளங்குழந்தைப் பிரிவு, சிறுநீரக அறுவை மருத்துவர் ஆகிய எல்லாம் ஒரே கூரையின் கீழ் உள்ள இடமே உங்களுக்கு ஏற்றது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் சீமாங் மையங்களை (தாய், சேய் அவசர சிகிச்சை மையங்கள்) அணுகலாம். 28 வாரத்துக்குள் அங்கே பதிந்துவிடுங்கள். நெகட்டிவ் ரத்த வகை என்றால் ரத்த வங்கிக்கு அன்றே சொல்ல வேண்டும். உறவினர்களில் ரத்தம் கொடுக்கக் கூடியவர்களின் பட்டியலும் கையில் இருக்கட்டும். அவர்கள் கொடுப்பது வங்கியின் இருப்பை ஈடுகட்ட. அதே ரத்தம்தான் உங்களுக்கு ஏறும் என்பதில்லை.

வலியே இல்லாமல் சிவப்பாக ஒரு ஸ்பூன் ரத்தம் பட்டாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். விரல் விட்டுப் பரிசோதிக்கக் கூடாது, தாம்பத்திய உறவும் கூடாது. நாள் முழுக்கப் படுத்தே கிடப்பதால் நன்மை உண்டு என்று நிரூபணமாகவில்லை. கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும்.

ஹீமோகுளோபின் 9.2. இரும்பு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை.

அறுவைக்கு முன் 11-ஐ எட்ட முயல வேண்டும். மாத்திரைக்கும் டீ, காபி, பால், கால்சியம் மாத்திரைக்கும் நடுவே இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். எலுமிச்சைச் சாறோடு போடலாம். மலம் கறுப்பது இயல்பு. அப்படியும் குமட்டினால் காத்திருக்காமல் ஊசி வழி இரும்பு கேளுங்கள். ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் என்ற இரும்பு மருந்தை ஒரு தடவையில் 1000 மில்லிகிராம் வரை ஏற்றலாம். ஹீமோகுளோபின் உயர இரண்டு, மூன்று வாரம் ஆகும் என்பதால் 30 வாரத்துக்குள் முடிவெடுப்பது நல்லது.

35 வாரத்தில் குழந்தையை எடுத்தே ஆக வேண்டுமா? கர்ப்பப்பையும் போய்விடுமா?

வலி தொடங்கிய பின் அவசரமாகச் செய்யும் அறுவையைவிடத் திட்டமிட்ட அறுவையில் ரத்த இழப்பு குறைவு. அதனால்தான் பெரும்பாலும் 34 முதல் 36 வாரத்துக்குள் நாள் குறிக்கிறார்கள். குழந்தையின் நுரையீரலுக்காக டெக்ஸாமெத்தசோன் 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி போடுவார்கள். சர்க்கரை நோய் இருந்தால் அந்த நாட்களில் சர்க்கரை ஏறும். அடிக்கடி பார்க்க வேண்டும்.

அறுவையில் நஞ்சு இல்லாத இடமாகப் பார்த்து, பெரும்பாலும் மேல்பகுதியில் கர்ப்பப்பையைத் திறந்து குழந்தையை எடுப்பார்கள். நஞ்சைத் தொடாமல் தொப்புள்கொடியைக் கட்டி, கர்ப்பப்பையை அதோடு சேர்த்து அகற்றுவார்கள். இதைக் கேட்டு மனம் உடைவது இயல்பு. ஆனால் சினைப்பைகள் இருந்த இடத்திலேயே இருக்கும். மாதவிலக்கு நிற்குமே தவிர ஹார்மோன் நிற்காது. ஒட்டிய இடம் சிறியதென்றால் அந்தப் பகுதியை மட்டும் வெட்டித் தைக்கலாம். நஞ்சை உள்ளேயே விட்டுக் கரையவிடுவதும் உண்டு. அதற்கு மாதக்கணக்காகும், கிருமித் தொற்றோ ரத்தப்போக்கோ வந்தால் பிறகும் கர்ப்பப்பையை எடுக்க நேரலாம். மருத்துவமனைக்கு அருகிலேயே குடியிருக்க முடிந்தால் மட்டும் அதை யோசியுங்கள். எந்த வழி என்பதைக் கையெழுத்துக்கு முன், கணவரும் உடனிருக்கும்போது பேசி முடிவு செய்யுங்கள்.

ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய் முறை) கர்ப்பம். தொப்புள்கொடி நஞ்சில் சேராமல் சவ்வில் சேர்ந்திருக்கிறதாம்.

அந்தச் சவ்வில் ஓடும் ரத்தக்குழாய்கள் கர்ப்பப்பை வாய்க்கு அருகில் போகின்றனவா என்று பிறப்புறுப்பு வழி டாப்ளர் ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள். போனால் அது வாசா பிரீவியா. பனிக்குடம் உடையும்போது அந்தக் குழாயும் கிழிந்தால் போவது குழந்தையின் ரத்தம். 3 கிலோ குழந்தைக்கு மொத்தமே 300 மில்லிக்கு மேல் இராது. அதனால் 30 வாரத்துக்குப் பின் மருத்துவமனையில் சேர்ந்திருக்கச் சொல்வதும், பனிக்குடம் உடையும் முன்பே சிசேரியன் செய்வதும் வழக்கம். அதற்குள் வீட்டில் நீரோடு ரத்தம் கலந்து வந்தால், பிரசவ அறைக்குள் நுழையும்போதே முதல் வார்த்தையாக 'வாசா பிரீவியா' என்று சொல்லிவிடுங்கள்.