மூணு வட்டிக்கு வாங்கி ஜிஎஸ்டி பாக்கியை அடைக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். திருப்பூரில் ஜாப் ஒர்க்குக்கு பனியன் பிரிண்டிங் யூனிட் நடத்துகிறேன். 2021-22இல் இங்க், கெமிக்கல் பில்களுக்கு எடுத்த உள்ளீட்டு வரி (வாங்கும்போது கொடுத்த வரியை நாம் கட்டும் வரியில் கழித்துக்கொள்வது) செல்லாது என்று மாநில வணிகவரித் துறையிலிருந்து ஒரு மாதத்துக்கு முன் ஆர்டர் வந்தது. வரி 3,60,000, வட்டி 2,43,000, அபராதம் 36,000. மொத்தம் 6,39,000 ரூபாய். மாதம் 30,000 வரை கட்ட முடியும். பைனான்ஸில் மூணு வட்டிக்குத் தருகிறேன் என்கிறார்கள். மனைவியின் நகையும் இருக்கிறது. போன இரண்டு மாத 3பி ரிட்டர்னும் (மாத வரிக் கணக்கு) கட்டாமல் நிற்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: மூணு வட்டி வேண்டவே வேண்டாம். அது வருஷத்துக்கு 36 சதவீதம். அரசு உங்களிடம் கேட்பது 18. பயத்தில் பாதி வட்டிக் கடனை இரட்டை வட்டிக் கடனாக மாற்றிக்கொண்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஆர்டர் கையில் கிடைத்த நாளிலிருந்து பணம் கட்ட மூன்று மாதம் உண்டு. மேல்முறையீட்டுக்கும் அதே மூன்று மாதம்தான். உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. முதலில் ஆடிட்டரோடு உட்கார்ந்து அந்த பில்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். சப்ளையர் தாமதமாக ரிட்டர்ன் போட்டு, பில் உங்கள் 2ஏ-வில் (சப்ளையர்கள் காட்டிய பில்கள் போர்ட்டலில் தெரியும் பட்டியல்) பிறகு ஏறியிருக்கிறதா? அவருக்கு வங்கி வழியே பணம் போன ஆதாரம் இருக்கிறதா? வழக்கில் பலம் இருந்தால், தகராறான வரியில் 10 சதவீதம், அதாவது 36,000 ரூபாய் கட்டி மேல்முறையீடு செய்யலாம். முடிவு வரும்வரை மீதிக்கு வசூல் நடவடிக்கை வராது.

பலம் இல்லையென்றால் தவணைதான். ஜிஎஸ்டி சட்டத்தின் 80வது பிரிவு 24 மாதத் தவணை வரை அனுமதிக்கிறது. போர்ட்டலில் டிஆர்சி-20 மனு போட வேண்டும். அனுமதி டிஆர்சி-21 ஆக வரும். 25,000 ரூபாய்க்குக் குறைந்த பாக்கிக்கு இது கிடையாது. பாக்கியை வசூலிக்கும் நடவடிக்கை தொடங்கிவிட்டாலும் கிடையாது. வங்கிக் கணக்கை முடக்கி, வங்கிக்கு டிஆர்சி-13 என்ற வசூல் நோட்டீஸ் போன பிறகு ஓடி வருபவர்கள்தான் அதிகம். மனு போட்டாலே வசூல் நின்றுவிடும் என்றும் நினைக்காதீர்கள். பணம் கட்டும் சக்தி உங்களுக்கு எவ்வளவு என்று உங்கள் பகுதி அதிகாரியிடம் ஆணையர் அறிக்கை கேட்பார். பேங்க் ஸ்டேட்மென்ட், கையில் உள்ள ஆர்டர்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பாருங்கள்.

6,39,000-ஐ 24 ஆக்கினால் மாதம் 26,625. ஆனால் தவணைக் காலத்திலும் வரித் தொகைக்கு 18 சதவீத வட்டி ஓடும். முதல் மாதம் அதுவே 5,400. அப்போது 32,000-ஐத் தாண்டுகிறது, உங்கள் கணக்கு இடிக்கிறது. இங்கேதான் நகை உதவும். மனைவி மனதாரச் சம்மதித்து, வங்கியில் 10 சதவீதத்தை ஒட்டி நகைக்கடன் கிடைத்தால், 3,60,000 வரியை மட்டும் அதில் கட்டிவிடுங்கள். 18 சதவீத ஓட்டம் நின்றுவிடும், ஏனென்றால் அந்த வட்டி வரிக்குத்தானே தவிர பழைய வட்டிக்கும் அபராதத்துக்கும் இல்லை. மிச்சம் 2,79,000-க்குத் தவணை கேளுங்கள்: மாதம் 11,625. மீதி 18,000 சொச்சத்தை நகைக்கடனுக்குக் கட்டி வந்தால் இரண்டு வருஷத்துக்குள் நகை வீட்டுக்கு வந்துவிடும்.

ஒரே ஒரு தவணை தவறினாலும் மொத்த பாக்கியும் அன்றே கட்ட வேண்டியதாகிவிடும், மறு நோட்டீஸ் இல்லாமல். பார்ட்டி பேமென்ட் இழுக்கும் ஊர் உங்களுடையது. அதனால் இரண்டு தவணைப் பணத்தையாவது தனிக் கணக்கில் ஒதுக்கிவிட்டு மனு போடுங்கள்.

நிற்கும் அந்த இரண்டு 3பி-க்குத் தவணை கிடையாது. நீங்களே கணக்குக் காட்டும் வரிக்கு 80வது பிரிவு பொருந்தாது. இரண்டு மாதம் தொடர்ந்து நின்றால் சரக்கோடு போக வேண்டிய இ-வே பில் முடங்கும், சரக்கு நகராது. கையில் இருக்கும் 30,000-ஐ இந்த வாரமே முதலில் அதற்குப் போடுங்கள்.