தாய்ப்பாலுக்கான நேரம் – கடிதம்

அன்புள்ள அக்கா,

சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறோம். என் மனைவி ஜவுளிக்கடையில் விற்பனையாளர். குழந்தைக்கு நான்கு மாதம். மூன்றாம் மாதமே வேலைக்குத் திரும்பினாள். அதிலிருந்து பால் குறைந்து, இப்போது பாதிக்குப் பாதி டின் பால்தான். "நான் தறியில் இருந்துகொண்டே மூன்று பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தேன். இந்தக் காலத்துப் பெண்களுக்கு மனசில்லை" என்கிறார் என் அம்மா. மனைவி அழுகிறாள். வசதியான வீட்டுப் பெண்கள்தான் பால் கொடுப்பதில்லை என்பார்கள். நாங்கள் வசதியானவர்களும் இல்லையே?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் அம்மா சொல்வது பொய்யில்லை. ஆனால் அவருடைய தறி வீட்டுக்குள் இருந்தது. அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை வீடுகளில் தறி இருக்கும் அறையிலேயே தூளியும் தொங்கும். பிள்ளை சிணுங்கினால் நாடாவை நிறுத்திவிட்டு மடியில் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். அந்த நேரத்துக்கான கூலி போகும். அதை யாரும் அவருக்கு ஈடுகட்டவில்லை. தன் கூலியைக் கொடுத்துத்தான் அவர் பாலூட்டினார். அதையும் நீங்கள் மறக்கக் கூடாது.

உங்கள் மனைவி காலையில் பஸ் ஏறினால் கடை சாத்திய பிறகுதான் பிள்ளையைப் பார்க்கிறார். நடுவில் பால் கட்டிக்கொண்டு வலிக்கும், ரவிக்கை நனையும், அதோடு நின்றபடி வாடிக்கையாளருக்குப் புடவை விரித்துக் காட்ட வேண்டும். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்பதற்கே 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் பால் சுரக்கும். தேங்கி நின்றால் உடல் தானாகவே சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். இதில் மனசு எங்கே வந்தது?

வசதியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஏழை நாடுகளில் வறிய தாய்மார்கள்தான் நீண்ட காலம் பாலூட்டுகிறார்கள். பணக்கார நாடுகளில் நிலைமை தலைகீழ்: படித்த, வசதியுள்ள பெண்களே அதிக மாதங்கள் கொடுக்கிறார்கள். காசு இருந்தால் பால்மாவு டின்னும் வாங்கலாம், வீட்டில் இருக்க நேரமும் கிடைக்கும். நம் ஊரில் டின் எல்லார் கைக்கும் வந்துவிட்டது, நேரம் வரவில்லை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடித்தவர்கள் இந்திய அளவில் சுமார் 64 சதவீதம். தமிழ்நாட்டில் சுமார் 55. ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில் நடக்கிற மாநிலத்தில் இந்த நிலை! அந்தப் பிரசவங்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை சிசேரியன் என்பதும் ஒரு காரணம். முதல் மணி நேரத்துப் பாலூட்டல் அங்கேயே தள்ளிப்போய்விடுகிறது.

ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போகும் பெண்களையும் நினைத்துக்கொள்கிறேன். 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பருவத்துக்கு மட்டும் சிறு தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவளுக்கு அது எட்டாது. தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 2021 முதல் ஓராண்டு மகப்பேறு விடுப்பு. உங்கள் மனைவிக்கு மூன்று மாதம். இரண்டு குழந்தைகளுக்கும் ஒரே பசிதான். இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இப்போது செய்யக்கூடியதைச் சொல்கிறேன். மகப்பேறு நலச் சட்டத்தை 2017இல் திருத்தியதிலிருந்து, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளில் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. திரும்பிய பிறகும் குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் உண்டு. கடை வீட்டுக்குப் பக்கம் என்றால் உங்கள் அம்மாவே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகலாம். தூரம் என்றால், காலையில் கையால் பீய்ச்சிய பாலைச் சுத்தமான மூடி போட்ட பாத்திரத்தில் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போகட்டும். சேலத்து வெயிலில் வெளியே வைக்க வேண்டாம். பாட்டி பாலாடையில் புகட்டலாம். இரவில் பிள்ளை எத்தனை முறை கேட்டாலும் கொடுக்கட்டும். சுரப்பைத் தூண்டும் ஹார்மோன் இரவில்தான் கூடுதலாக இருக்கும். அதற்கு அவர் தூங்க வேண்டும். ஆகவே காலைச் சமையலும் துணி துவைப்பதும் இனி உங்கள் வேலை.

டின் பால் கொடுக்கும்வரை அதில் தண்ணீரைக் கூட்டி மிச்சம் பிடிக்காதீர்கள். மனைவியின் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் விடுப்புக் காலச் சம்பளத்தை அங்கிருந்தே கோரலாம். 26 வாரத்தில் மீதி உண்டா என்று கேளுங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா